512 பைட்டில் ஓர் ஓ.எஸ்!

‘ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன?’ ஹார்டுவேருக்கும் யூஸருக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர். இதை எழுதி ரெண்டு மார்க் வாங்காத கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசாமி உண்டா பாஸ்? ஆனா, ‘அந்தத் தரகரை நேர்ல பார்த்திருக்கியா?’னு கேட்டா, பாதி கிளாஸ் விட்டத்தைப் பார்க்கும்.

பார்த்துடலாம். பைசா செலவில்லை. பயாஸ் வைத்த கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா, அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மெமரியில் ஏற்றும். கடைசி ரெண்டு பைட் 55, ஏஏ-வானு பார்க்கும். இருந்தா, ‘இனி உன் பாடு’னு ஒதுங்கிடும். ஆக, நம்ம கையில் 510 பைட். ஓர் எழுத்தை ஸ்கிரீனில் காட்டுற அசெம்பிளி புரோகிராம் எழுதி, மிச்ச இடத்தை ஜீரோவால் நிரப்பி, க்யூஎமு எமுலேட்டரில் பூட் பண்ணுங்க. கறுப்புத் திரையில் தன்னந்தனியா ஓர் ‘ஏ’ வந்து நிற்கும். ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்கு அதைப் பார்த்துட்டு நான் போட்ட சத்தத்தில் எதிர் ரூம்காரன் எழுந்து வந்துட்டான். (‘அ’ வராதானு கேட்காதீங்க. அந்த டெக்ஸ்ட் மோடில் மொத்தமே 256 எழுத்துக்கள்தான், தமிழுக்கு இடமில்லை. வேணும்னா கிராஃபிக்ஸ் மோடில் புள்ளி வெச்சுக் கோலம் போட்டுக்கலாம்!)

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸும் இப்படித்தான் ஆரம்பிச்சார். 1991-ல் புதுசா வாங்கின 386 மெஷினில் ரெண்டு வேலைகளை ஓடவிட்டார். ஒண்ணு ‘ஏ’வா அச்சடிக்கும், இன்னொண்ணு ‘பி’யா. டைமர் அடிக்கும்போதெல்லாம் ஆள் மாறும். மெஸ்ஸில் ஒரே மாஸ்டர் ரெண்டு கல்லில் தோசை ஊத்துற மாதிரிதான். எந்தத் தோசை எவ்வளவு வெந்திருக்குனு நினைவு வெச்சுக்கணும், அதுதான் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். அதை வளர்த்து மோடம் பேசுற டெர்மினல் ஆக்கினார். ஃபைலை சேமிக்கணும்னு டிஸ்க் டிரைவர் எழுதினார். அதே வருஷம் செப்டம்பரில் லினக்ஸ் 0.01 ரெடி. வயசு 21!

1992 ஜனவரியில் வந்தது வில்லங்கம். லினஸ் பாடம் படிச்ச மினிக்ஸை உருவாக்கின பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், ‘லினக்ஸ் காலாவதியான டிசைன்’னு போட்டுத் தாக்கினார். மொத்தத்தையும் ஒரே கெர்னலுக்குள் திணிக்காதே, டிரைவர்களை வெளியே தனித்தனியா உட்கார வை, ஒண்ணு விழுந்தாலும் மத்தது பிழைக்கும் என்பது அவர் கட்சி. அதில் வேகம் குறையும் என்பது எதிர்க்கட்சி. லினஸும் விடாம மல்லுக்கு நின்னார்.

ஜெயிச்சது யார்? இன்னிக்கு ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் லினக்ஸ் கெர்னல். ஆனா, 2024 ஜூலை 19-ஐ நினைச்சுப் பாருங்க. கிரவுட்ஸ்ட்ரைக் செக்யூரிட்டி சாஃப்ட்வேரின் தப்பான அப்டேட்டால், கெர்னலுக்குள் இருந்த அதோட டிரைவர் கவிழ்ந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்தன. இந்தியாவிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தாங்க. வாத்தியார் சொன்னது இதைத்தானே! டிசைனில் என் ஓட்டு அவருக்கே. 2017-ல் இன்னொரு கூத்தும் வெளியே வந்தது. இன்டெல் சிப்செட்டுகளுக்குள் சத்தமில்லாம ஓடிட்டிருந்தது மினிக்ஸ்தான்!

சரி, இந்த வாரக் குடைச்சல்: அந்த ஏ-பி ஆட்டத்தை 510 பைட்டுக்குள் எழுதிப் பாருங்க. பி.சி. டைமர் விநாடிக்குச் சுமார் 18 தடவை அடிக்கும். ஓடினதும், பத்து டிக்கில் ஒன்பதை ‘ஏ’வுக்கே கொடுங்க. அப்புறம் ‘பி’ படுற பாட்டைப் பாருங்க!