கைவினைஞர்க்கு ஒரு பொதுக்கூடம்

மணிமேகலையிலே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிய வரலாற்றைக் கூறும் காதையை அண்மையில் வகுப்பிற் படிப்பிக்க நேர்ந்தது. சோழ மன்னனுடைய பொழிலில் இருந்த மண்டபத்தை, மகதம், மராட்டம், அவந்தி, யவனம் என்னும் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் தமிழ்த் தொழிலாளரோடு ஒருங்கிருந்து ஆக்கினர் எனச் சாத்தனார் அங்கே பாடுகின்றார். கம்மர் என்பார் யாவர் என்று மாணாக்கரை வினாவினேன். விடை சொல்வார் ஒருவரும் இலர். பாடம் முடிந்தபின் ஒரு மாணாக்கன் விறாந்தையிலே என்னருகில் வந்து, "ஐயா, எங்கட அப்பாவும் அந்தத் தொழில்தான். வீட்டிலை துருத்தி இருக்கு" என்று தாழ்ந்த குரலிற் சொன்னான். வகுப்பில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்து நின்றான்.

புலவர் போற்றிய தொழிலை அத்தொழிலாளியின் மகன் நாணி மறைக்கின்றான். அந்நாணத்தை அவனுக்கு ஊட்டியவர் நாமே. அன்றுமுதல் என் மனத்தில் இருந்துவரும் எண்ணமொன்றை இங்கே எழுதத் துணிகின்றேன். யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே கைவினைஞர் பலரும் கூடியிருந்து வேலை செய்தற்குரிய பொதுக்கூடங்கள் எழல் வேண்டும்.

இன்று அவர்கள் தனித்தனியே இருக்கின்றனர். கொல்லர் தம் கொட்டிலில். தச்சர் தம் வளவில். பெட்டி இழைக்கும் பெண்கள் தத்தம் திண்ணையில். தனித்திருப்போன் படும் இடர் ஒன்றிரண்டல்ல. கடைசல் இயந்திரம் ஒன்று வாங்கக் கடன்படும் தச்சன், மாதத்திற் பத்து நாள் அதனை இயக்கினால் அதுவே பெரிது. எஞ்சிய நாள்களிற் பொறி உறங்கும், வட்டி உறங்காது. மாரிகாலத்தில் ஓலை உலராது பூஞ்சணம் பிடிக்கின்றது. நல்ல உலர்களம் ஒருத்தியாற் கட்டக்கூடியதன்று. கலியாண வீட்டுக்கு முந்நூறு குட்டான் வேண்டுமென ஒருவர் கேட்டால், ஒருத்தி எப்படி ஏற்பாள்? ஆகவே பத்து வீடு சென்று பொருளைத் திரட்டும் வியாபாரி இடையிலே வருகின்றார். விலை குறிப்பவரும் அவரே. அவரை நான் பழிக்கவில்லை. அவர் செய்வதும் ஒரு வேலையே. அவ்வேலையைத் தொழிலாளர் தாமே கூடிச் செய்யலாகாதா என்பதே என் வினா.

பொதுக்கூடம் என்றவுடன் நம்மவர்க்குக் கட்டடமும் நாடாவெட்டும் விழாவுமே நினைவுக்கு வருகின்றன. அத்தகைய நிலையம் ஒன்றை நான் கண்டிருக்கின்றேன். மூன்று மாதப் பயிற்சி, உதவிப்பணம், முடிவிற் சான்றிதழும் படமும். உதவிப்பணம் நின்ற மறுமாதம் மேசைகளில் தூசி படிந்தது. கண்ணாடி அலுமாரியில் இருந்த ஒரு கடகத்தை மட்டும் வருவோர்க்கெல்லாம் காட்டினார்கள்.

கூடி வேலை செய்யும் இடங்கள் இத்தீவுக்குப் புதியனவல்ல. கண்டி அரசிலே, 'நான்கு பட்டறைகள்' என்னும் பொருள்படப் 'பட்டல் ஹத்தற' என வழங்கிய அமைப்பில் நாட்டின் தலைசிறந்த கலைஞர் அரசனுக்காகத் தொழில் புரிந்தனர். அவர்களுக்கு மானியமாக நிலங்கள் இருந்தன. 1815இல் அரசு வீழ்ந்தது. அவர்களைத் தாங்கிய கையும் போயிற்று. இவற்றையெல்லாம் ஆராய்ந்து பெருநூலாக எழுதியவர் நம்மவராகிய ஆனந்த குமாரசுவாமி. சிங்களக் கைவினைகளைப் பற்றிய அந்நூல் 1908இல் இங்கிலாந்திலே கைப்பொறியில் அச்சிடப்பெற்றது. அச்சிட்ட எசெக்ஸ் ஹவுஸ் அச்சகமோ ஆஷ்பி என்பார் நிறுவிய கைவினைஞர் சங்கத்துக்கு உரியதாக இருந்தது.

அச்சங்கத்தின் கதையை நாம் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். 1888இல் இலண்டனின் கிழக்குப் பகுதியிலே, ஏழைகள் வாழும் தெருக்களிடையே அது தோன்றியது. தச்சரும் வெள்ளி வேலையாளரும் கொல்லரும் அச்சுத் தொழிலாளரும் ஒருங்கே வேலை செய்தனர். 1902இல் ஆஷ்பி அவர்களையும் குடும்பத்தாரையும் சிப்பிங் கம்டன் என்னும் நாட்டுப்புற ஊருக்கு அழைத்துச் சென்றார். பழைய பட்டாலையே பட்டறையாயிற்று. ஆறே ஆண்டில், 1908இல், சங்கம் கலைக்கப்பட்டது. பொருள்களின் அழகிலே குறைவில்லை. ஆயின் வாங்குவோர் தொலைவில் இருந்தனர். அவை போன்றவற்றைப் பெருங்கடைகள் இயந்திரத்தாற் செய்து மலிவாக விற்றன. இலண்டனில் வேலை குன்றிய காலத்தில் ஒருவன் அயற்பட்டறைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வான். நாட்டுப்புறத்தில் அதற்கும் வழியில்லை. சங்கம் மறைந்த பின்னும் அவ்வூரைவிட்டு நீங்காதவர் சிலர் இருந்தனர். அப்பழைய ஆலையில் வெள்ளி வேலை இன்றும் நடக்கின்றது.

அரசனை நம்பிய பட்டறை அரசனோடு போயிற்று. இலட்சியத்தை நம்பியது கணக்கிலே தோற்றது. நாம் எதை நம்புவது? மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையை நினைக்கின்றேன். 1930களில் ஊரவர் பணம் சேர்த்து ஒரு வைத்தியசாலையையே எழுப்பினர். நோய்க்காகக் கூடியவர் தொழிலுக்காகக் கூடலாகாதா? உறுப்பினர் சிறு சந்தா இடட்டும். கடைசற்பொறிக்கு மணிக்கணக்கிற் கூலி கொடுக்கட்டும். ஓலையையும் சாயத்தையும் ஒருங்கே வாங்கட்டும். கேள்விகளைச் சங்கம் ஏற்றுப் பங்கிடட்டும். குழந்தையை விட்டுவர இயலாத பெண் வார்ந்த ஓலையை வீட்டுக்குக் கொண்டுசென்று இழைக்கட்டும். முதிய தொழிலாளி ஒருவர் இளைஞர்க்குக் கற்பிப்பாராயின் அதற்கும் சம்பளம் வேண்டும். பண்டிதனுக்குச் சம்பளம் உண்டு. அவருக்கு மட்டும் புண்ணியம் போதுமா?

சொற்களைப் பற்றியும் ஒரு சொல். சத்தகம், கொட்டாப்புளி, பட்டடை ஆகியவற்றை நான் அகராதியை விரித்தே கற்பிக்கின்றேன். கருவி கையில் இருந்தால் அகராதிக்கு வேலையில்லை. தமிழ் வளர்ப்போம் என்று மேடையேறும் அன்பர்கள் இதனையும் சிறிது எண்ணுவாராக.

இனி, பலரும் வாய்திறவாத ஒன்று. எங்கள் பகுதிச் சனசமூக நிலையம் ஒன்றில் இவ்வெண்ணத்தைச் சொன்னேன். பெரியோர் மகிழ்ந்தனர், பூட்டிக்கிடக்கும் பழைய நெற்களஞ்சியத்தைத் தரவும் உடன்பட்டனர். பின்பு ஒருவர் மெதுவாக, "எல்லாரும் ஒரே வாசலாலையோ வாறது?" என்று கேட்டார். இன்னொருவர், கொல்லர்க்குப் பின்புறமாக ஒரு பத்தி இறக்கலாம் என்றார். நான் எழுந்து, அவ்வாறாயின் கட்டடம் வேண்டாம் என்றேன். கூட்டம் கலைந்தது. இரண்டு வாசல் உள்ள பொதுக்கூடத்தைவிட மரநிழலே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. என்னொடு படித்த பண்டிதர் சிலரே இதற்காக என்னைக் கடிந்தனர். கடியட்டும்.

அக்கூட்டத்தின் பின் அம்மாணாக்கனின் தந்தையாரைக் காணச் சென்றேன். உலையிலே மண்வெட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். தம் பட்டடையையும் துருத்தியையும் கொண்டுவந்து வைக்கத் தடையில்லை என்றார். மகன் வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சம்மட்டியைக் கையில் எடுத்தவர் மீண்டும் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் சரி ஐயா, திறப்பு ஆரிட்டை இருக்கும்?" என்று கேட்டார். உறுப்பினரிடம் முறைவைத்து இருக்கும் என்றேன். "என்ரை முறையும் வருமோ?" என்றார். வரும் என்றேன்.