பத்தாம் வகுப்புக் கணக்கும் எண்ணூர் எந்திரமும்

1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அசோக் லேலண்டுக்கு எண்ணூரில் ஆலை எழுந்தது. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவுக்குத் திருவொற்றியூர். இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஆலைச் சங்கொலி கேட்டே வளரும் நம் பிள்ளைகளில் பலர், சுமை தூக்கவும் ஒப்பந்தக் கூலிக்கும்தான் ஆலை வாசலை மிதிக்கிறார்கள். ஏன்?

அன்று கைப்பழக்கமே தொழிலாளியை உருவாக்கியது. இன்றைய சி.என்.சி. லேத்துக்கு எக்ஸ், இசட் அச்சுகளில் தூரத்தை எண்ணாகச் சொல்ல வேண்டும். ஒரு மைனஸ் குறி தவறினால் வெட்டும் கருவி திசை மாறி மோதும். மைக்ரோமீட்டரில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் படிக்க வேண்டும். இவையெல்லாம் பள்ளியில் படிக்கும் ஆயத்தொலைகளும் தசம எண்களும்தான். ‘கணக்கு வராதவனுக்கு ஐ.டி.ஐ.’ என்ற நம் எண்ணம் இங்கேதான் தவறுகிறது.

2022-ல் தமிழக அரசு, 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸுடன் இணைந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்த ஒப்பந்தம் செய்தது. பத்தாம் வகுப்பு தேறியவர் மெஷினிஸ்ட், டர்னர் பிரிவுகளில் 2 ஆண்டு படிக்கலாம். பின்னர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு.

இரும்பை வளைத்துக் கவசம் செய்த தாவூத் நபி (அலை) அவர்களை மேடைகளில் புகழ்கிறோம். வீட்டிலோ எந்திரத் தொழிலை மதிப்பெண் குறைந்தவனின் கடைசிப் புகலிடமாக ஆக்கிவிட்டோம். பெற்றோர்களே, ஜமாஅத் பொறுப்பாளர்களே! மாலை மக்தப் முடிந்ததும் அதே அறையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்வோம். ஆலைக் கதவு அங்கிருந்துதான் திறக்கும்.