மூத்த ஆட்டக்காரரைச் சேர்க்கலாமா?

உதைபந்தாட்டக் கழகங்கள் ஆண்டுதோறும் எதிர்நோக்கும் வினா ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிந்து, எக்கழகத்துக்கும் கட்டுப்படாது நிற்கும் முதிய வீரரைச் சேர்த்துக்கொள்ளலாமா? இத்தகைய வீரருக்காகப் பழைய கழகத்துக்குப் பணம் கொடுக்கும் வழக்கம், 1995 இல் பொஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்போடு அங்கே தளர்ந்தது. அதனால் இவர்களை மலிவானவர்கள் என்று எண்ணுவோர் பலர். அது பாதி உண்மையே. சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதனினும் பெரிது, அவர் நிற்கும் இடத்தில் இளைஞர் ஒருவர் நிற்க இயலாது.

இத்தாலியின் ஏ.சி. மிலான் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 2019 டிசெம்பர் 22 ஆம் நாள் அக்கழகம் அத்தலாந்தாவிடம் 5–0 என்று தோற்று, முதற்பிரிவில் பதினோராம் இடத்தில் நின்றது. நத்தார் கழிந்த சில நாட்களில் சுவீடன் வீரர் இப்ராகிமோவிச்சைச் சேர்ப்பதாக அறிவித்தது. அவருக்கு அப்போது வயது 38. அமெரிக்காவில் ஆடிய கழகத்துடன் ஒப்பந்தம் முடிந்திருந்தது. கிழவரை நம்பிக் கழகம் கெடுகிறது என்று நகைத்தோரும் உளர்.

நகைப்பு நீடிக்கவில்லை. எஞ்சிய பருவத்தில் 18 ஆட்டங்களில் 10 கோல்கள் அடித்தார். கழகம் ஆறாம் இடத்துக்கு ஏறிற்று. அடுத்த பருவத்தில் 15 கோல்கள், இரண்டாம் இடம். 2022 இல், பதினோர் ஆண்டுகளின் பின், மிலான் மீண்டும் வாகை சூடிற்று.

ஆயினும் கணக்கை முழுதும் பார்க்க வேண்டும். 2020–21 பருவத்தில் முதற்பிரிவு ஆட்டங்கள் 38. காயங்களின் இடையே அவர் இறங்கியவை 19. எஞ்சிய பாதியை யார் ஆடுவது? முதியவரைச் சேர்க்கும் கழகம் அவரோடு இன்னொருவரையும் வைத்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அந்த இன்னொருவர் தேறாவிடின், முதியவர் எத்துணை கோல்கள் அடித்தும் பயனில்லை. மிலான் இதிற் பிழைத்தது. வாகை சூடிய பருவத்தில் இப்ராகிமோவிச் அடித்தவை எட்டு கோல்களே. பதினொரு கோல்கள் அடித்து, பருவத்தின் சிறந்த வீரர் எனத் தெரிவானவர் 22 வயது ரஃபாயெல் லியாவோ. வகுப்பின் முதல் வாங்கிற் கண்டிப்பான மூத்த மாணவன் ஒருவன் அமர்ந்தால் ஏனையோர் படிக்கும் விதமே மாறுவதை ஆசிரியர்கள் அறிவர். பயிற்சித் திடலிலும் அவ்வாறே நடந்திருக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

இழப்பும் இல்லாமலில்லை. அவர் வந்த 2020 ஜனவரியிலேயே, 24 வயதான போலந்து முன்கள வீரர் பியோன்தெக் பெர்லின் கழகமொன்றுக்கு விற்கப்பட்டார்.

நாம் மெச்சுவது முதல் ஒப்பந்தத்தை. அது ஆறு மாதத்துக்கே உரியது. விரும்பினால் மேலும் ஒரு பருவம் நீட்டலாம் என்ற அளவோடு நின்றது. தேவை கண்ணெதிரே இருந்தது. தவறினாலும் நட்டம் சிறிது. ஆனால் 2022 மே மாதம் முழங்காலிற் சத்திரசிகிச்சை செய்துகொண்ட நாற்பது வயதினர்க்கு மேலும் ஓராண்டு ஒப்பந்தம் அளித்ததை அவ்வாறு மெச்ச இயலவில்லை. அது நன்றிக்கடன்; அணித் தேர்வு அன்று. அப்பருவத்தில் முதற்பிரிவில் அவர் இறங்கியவை நான்கே ஆட்டங்கள், கோல் ஒன்று. 2023 ஜூன் 4 ஆம் நாள் சான் சீரோ அரங்கில், 41 ஆம் வயதில், ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். லியாவோவுக்கு அப்போது 23.