பேருந்துக்கு வழி விடுங்கள்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டுச் சென்னை வீதிகளுக்கு வந்தபோது நகரவாசிகள் மகிழ்ந்தது நியாயமே. ஆயினும், 1895-லேயே மின்சார டிராம் வண்டியைக் கண்டு, 1953-ல் அதற்கு விடை கொடுத்தனுப்பிய இந்த ஊர், மின்சாரம் மறுபடியும் வீதிக்கு வந்துவிட்டது என்பதனாலேயே சக்தி விரயம் என்னும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கருதிவிடலாகாது. பேருந்து எதனால் ஓடுகிறது என்பதைப் போலவே, அது ஓட முடிகிறதா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி என்பது நமது அபிப்பிராயம்.

15 டன் எடையுள்ள ஒரு பேருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் ஓட்டத்தில் அடங்கியிருக்கும் சக்தி, ஏறக்குறைய கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். குறுக்கே புகுந்த ஒரு காருக்காக ஓட்டுநர் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும், டீசல் வண்டியில் அந்தச் சக்தி முழுவதும் வெறும் சூடாகிக் காற்றோடு கலந்துபோகிறது. மறுபடியும் அதே வேகத்தை எட்டுவதற்கு, எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கையே ஓட்டமாக மாற்றவல்ல எஞ்சின், அதைப்போல மூன்று மடங்கு சக்தியைச் செலவிட்டாக வேண்டும். மின்சாரப் பேருந்து பிரேக்கில் இழப்பதில் ஒரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பிவிடுகிறது என்பது மெய்தான்; ஆனால் நெரிசலில் சிக்கி அசையாமல் நிற்கும்போது, குளிர்சாதனம் பொருத்திய வண்டி எவரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காமலே மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். மெட்ரோ ரயிலும், 1931 முதல் மின்சாரத்தில் ஓடும் கடற்கரை–தாம்பரம் ரயிலும் இத்தொல்லைக்கு ஆளாகாததன் இரகசியம், அவை தமக்கென்று ஒரு பாதை உடையவை என்பதே.

தாமதத்தின் கணக்கு இத்துடன் நிற்பதில்லை. ஒரு தடத்தில் போக ஒரு நடைக்கும் திரும்பி வர ஒரு நடைக்கும் 60 நிமிஷம் வீதம் பிடித்தால், 10 நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடுவதற்கு 12 பேருந்துகள் போதும். அதே நடை 90 நிமிஷமாக நீண்டால் 18 வேண்டும். புதிய வண்டிகளுக்கென்று செலவிடும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, இவ்விதம் நெரிசலுக்கே காணிக்கையாகிறது. காத்துக் காத்துச் சலித்த பிரயாணி தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகிறார். நெரிசல் இன்னும் ஒரு வண்டியால் பெருகுகிறது.

தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே 621 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மேம்பாலம் கட்டத் துணிந்த அரசுக்கு, இருக்கிற சாலையில் ஒரு கோடு போட்டு, ‘இது பேருந்துக்கு’ என்று சொல்லும் துணிவு மட்டும் இன்னும் வரவில்லை. தில்லியில் 2008-ல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே இதைச் செய்து பார்த்து, 2016-ல் பெயர்த்தெறிந்துவிட்டார்களே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். சில கிலோமீட்டரோடு நின்றுபோன, நிறுத்தங்களைச் சாலையின் நடுவே வைத்துப் பிரயாணிகளைக் கார்களுக்கிடையே ஓடவிட்ட அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கலைத்ததில் பேருந்துப் பிரயாணியின் குரலைவிடக் கார்க்காரரின் குரலே ஓங்கி ஒலித்தது. 2009-ல் தொடங்கிய அகமதாபாத்தின் தனிப்பாதையோ இன்றும் நிலைத்திருக்கிறது.

சாலை குறுகியது என்பது இன்னொரு வாதம். குறுகிய சாலையில்தான் இடத்தைப் பங்கிடுவது அவசியமாகிறது. இரண்டு மூன்று கார்களின் இடத்தில் 50 பேரைச் சுமந்து செல்லும் வண்டிக்கு அப்பங்கீட்டில் முதலுரிமை தருவது எவ்வாறு அநீதியாகும்?

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, வெளியூர்ப் பிரயாணிகளின் பாரமும் சேர்ந்து அழுத்துகின்ற ஜி.எஸ்.டி. சாலையில், தாம்பரத்துக்கும் அம்முனையத்துக்கும் இடையே, காலை மாலை நெரிசல் வேளைகளிலேனும் இடது ஓரத் தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கவேண்டும். அதை அடைத்து நிறுத்தப்படும் வாகனங்களைத் தயவு தாட்சணியமின்றி அப்புறப்படுத்தவேண்டும். போக்குவரத்துக் கழகம், காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை ஆகியவை ஒன்றையொன்று சுட்டிக்காட்டி ஒதுங்குவதற்கும் இனி இடமில்லை; இவற்றையெல்லாம் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவரும் பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே இயற்றப்பட்டிருக்கிறது. அடுத்த தொகுதி மின்சாரப் பேருந்துகளுக்கு ஒப்பந்தம் செய்வதற்கு முன்னதாகவே, இந்தத் தடத்துக்கான உத்தரவை அக்குழுமம் பெற்றுத் தரவேண்டும்.