முன்பே சொல்லிவிடுங்கள்



காரைக்குடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். பிள்ளைகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். பெரிய வீடு. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் எல்லாக் கதவுகளும் திறக்கின்றன. இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமே என்கிறாராம் மகன். ‘முன்பின் தெரியாதவர்களை வீட்டில் தங்கவைக்க என்னென்ன பார்க்க வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறார். கொடைக்கானலிலிருந்தும் ராமேசுவரத்திலிருந்தும் இதே கேள்வி வந்திருப்பதால், இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

இப்படி ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களிடம் பேசிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. வசதி குறைவாக இருந்தால்கூட வந்தவர் பொறுத்துக்கொள்வார். வருவதற்கு முன் அதைச் சொல்லாமல் விட்டால்தான் முகம் சுளிப்பார். ஏசி இல்லை என்று தெரிந்தே வருகிறவர் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூங்கிவிடுவார். தெரியாமல் வந்தவர் நள்ளிரவில் கதவைத் தட்டுவார். 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் வீட்டு வாடகை கட்டத் திண்டாடிய இரண்டு இளைஞர்கள், காற்றடைத்த மெத்தையும் காலை உணவும் தருவோம் என்று உள்ளதைச் சொல்லி ஆள் தேடினார்கள். மூன்று பேர் காசு கொடுத்து வந்து தங்கினார்கள். தங்கும் அறைகளை இணையத்தில் முன்பதிவு செய்து தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் வளர்ந்தது அங்கிருந்துதான்.

செட்டிநாட்டில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பத்திரம். அங்கே பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை. சாவி உங்களிடம் இருப்பதாலேயே வாடகைக்கு விடும் உரிமை வந்துவிடாது. பங்குள்ள ஒவ்வொருவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, ஓடு மாற்றும் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் விதிமுறையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது பதிவு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் சேர, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். 1 முதல் 6 அறைகள், மொத்தம் 12 படுக்கைகள் வரை விடலாம். வசதியைப் பொறுத்துத் தங்கம், வெள்ளி என்று தரம் பிரிக்கிறார்கள். மாநிலச் சுற்றுலாத் துறை அலுவலகத்திலும் உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியிலும் என்ன அனுமதி வேண்டும் என்று நேரில் கேட்டுவிடுங்கள். மின்கட்டணம் வீட்டுக் கணக்கிலா, வணிகக் கணக்கிலா என்பதை மின்வாரியத்தில் கேளுங்கள். இந்த வாடகையும் வருமானம்தான். வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

விளம்பரம் கொடுப்பதற்கு முன், அந்த அறையில் ஓர் இரவு நீங்களே பெட்டியோடு போய்த் தங்குங்கள். செல்போன் சார்ஜ் போடும் பிளக் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். குளியலறையில் மாற்றுத்துணி மாட்ட ஒரு கொக்கி இருக்காது. சுவிட்ச் போர்டில் ஒன்பது சுவிட்ச் இருக்கும். மின்விசிறிக்கு எது என்று உங்கள் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். கொசு எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்பதும் அன்றைக்குத்தான் புரியும். நூறு ரூபாய்க் கொக்கியும் பெயர் எழுதிய நாலு ஸ்டிக்கரும் பாதிக் குறையைத் தீர்த்துவிடும்.

பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் உடனே ஆளைக் கூப்பிட்டு வெளியே மாற்றுங்கள். அதிலிருந்து கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மலையூர்களில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் உயிரிழந்ததும் இதே வாயுவால்தான். விருந்தினர் கேட்டாலும் கரி அடுப்பைக் கொடுக்காதீர்கள், கூடுதலாக ஒரு கம்பளி கொடுங்கள். ஆத்தங்குடித் தளம் ஈரத்தில் வழுக்கும். குளியலறை வாசலில் கனமான மிதியடி போடுங்கள். அந்தத் தளத்தில் ஆசிட் ஊற்றக் கூடாது என்று வேலை செய்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி விளம்பரம். பெண் பார்க்க அனுப்பும் போட்டோ மாதிரி ஒரே கோணத்தில் அழகு பார்த்து எடுக்காதீர்கள். கழிப்பறையையும் மாடிப்படியையும் படமெடுத்துப் போடுங்கள். படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இல்லை, மார்கழியில் விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கி பாடும், வீட்டில் நாய் உண்டு, சமையல் சைவம் மட்டும் — எல்லாவற்றையும் எழுதுங்கள். இதைப் படித்து நாலு பேர் விலகிப்போவார்கள். போகட்டும். அவர்கள் வந்திருந்தால் வாடகையைவிடப் பெரிய தலைவலியாகியிருக்கும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள், வண்டியில் வருகிறவர்கள் எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றியும் ஒரு வரி சேருங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் போடுகிறவர்கள் குறைவார்கள்.

வீட்டு விதிகளும் முன்பதிவின்போதே தெரிய வேண்டும். மது, புகை, வெளியாள் வருகை, இரவு கதவடைக்கும் நேரம், இந்த நாலும் போதும். வாசலில் பெட்டியோடு நிற்கிறவரிடம் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது அழகல்ல. திருமணமாகாத ஆணும் பெண்ணும் அறையெடுத்துத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் இல்லை என்று, கோயம்புத்தூர் சர்வீஸ் அபார்ட்மென்ட் வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. கேமரா வாசலுக்கு மட்டும் போதும். வீட்டுக்குள் கேமரா கூடாது என்று ஏர்பிஎன்பி 2024-இலேயே உலகம் முழுக்கத் தடை போட்டுவிட்டது.

வந்தவர் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பாருங்கள், பதிவேட்டில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். நம் ஊரில் இதைக் கோட்டைவிடுவது சுலபம். மலேசியாவிலிருந்து பூர்வீக வீட்டைப் பார்க்க வருகிறவர் நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார், பாஸ்போர்ட் மலேசியாவுடையது.

ஒரு படுக்கைக்கு மூன்று செட் விரிப்பு வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஐப்பசி மழையில் துணி காயாதபோது இதன் அருமை தெரியும். காலைப் பலகாரத்துக்கு நீண்ட பட்டியல் வேண்டாம். இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி என்று கைவந்ததைச் செய்யுங்கள். முதல் நாள் இரவே கேட்டுக்கொள்ளுங்கள். விடியலில் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கிறவருக்கு இலையில் மடித்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தால், ஊர்போய் நாலு பேரிடம் சொல்வார்.

வாடகையை வைக்கும்போது முன்பதிவுத் தளத்தின் கமிஷன், சலவை, மின்சாரம், துப்புரவுச் சம்பளம் இவற்றோடு உங்கள் உழைப்பையும் கூட்டுங்கள். யோசனை பிள்ளைகளுடையது, விடியற்காலையில் எழுந்து காப்பி போடப்போவது அம்மாக்கள். வாரத்தில் எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாளுக்கு மட்டும் முன்பதிவைத் திறந்து வையுங்கள். முதல் மூன்று மாதம் ஓர் அறையே போதும்.

ஏற்கெனவே ஹோம்ஸ்டே நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கு வந்த முதல் விருந்தினர் கேட்டு, உங்களிடம் இல்லாமல்போன பொருள் எது? ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் பட்டியலாக வெளியிடுகிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடைக்குப் போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்