பழைய காருக்குப் புது மூச்சுக்குழாய் வேண்டுமா?

நம் சங்கத்து அன்பர் ஒருவரிடம் கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 வண்டி உள்ளது. அதற்குக் ‘கோல்ட் ஏர் இன்டேக்’ பொருத்தினால் வேகம் கூடுமா என்று அவர்தம் மகன் வினவுகிறான். கேள்வி நியாயமானதே.

குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஆதலால் எஞ்சினுக்குப் பிராணவாயு மிகுதியாகக் கிட்டும். அதற்கேற்பப் பெட்ரோலும் சேர்ந்தால் ஆற்றல் பெருகும். இஃது உண்மை. ஆயின் அளவு என்ன? காற்றின் வெப்பம் 10 டிகிரி தாழ்ந்தால் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவிகிதமே கூடும். அந்த 796 சி.சி. எஞ்சினின் திறனோ ஏறத்தாழ 40 குதிரை சக்தி. கிடைக்கும் ஆதாயம் ஒரு குதிரையைச் சற்றே தாண்டும்! அதற்கும் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றியமைக்க நேரலாம்.

கடைகளில் விற்பவற்றுள் பல, பானெட்டுக்குள் திறந்து நிற்கும் கூம்பு வடிகட்டிகளே. அவை எஞ்சினின் வெக்கையையே உறிஞ்சும். ஓசை மட்டும் உயரும். அதனை வேகமென்று செவி நம்பிவிடும். குழாயைத் தாழ இறக்கினாலோ, மழை வெள்ளத்தில் நீர் உட்புகும். சிலிண்டருள் புகுந்த நீர் சுருங்காது. கனெக்டிங் ராடு வளையும். மும்பைவாழ் அன்பர்கள் இதனை மறத்தலாகாது.

ஆகவே தம்பிக்கு நாம் சொல்வது இது: ஏர் பில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் புதிதாக்குக, டயர்க் காற்றைச் சரிபார்க்குக, மிச்சப் பணத்தில் பிரேக்கைச் சீராக்குக. விடுமுறையில் ஊர் செல்லுங்கால் குடும்பம் முழுவதும் அவ்வண்டியில்தானே அமர்கின்றது?