எண்கள் பார்த்துக்கொள்ளுமா எண்ணூரை?

"டிஜிட்டலுக்கு மாறிவிட்டால் போதும், தொழிலும் வளரும், சுற்றுச்சூழலும் பிழைக்கும்." பத்து ஆண்டுகளாகக் கேட்டுக் காது பழகிப்போன பேச்சு இது. தொழில் மாநாட்டு மேடையிலும் சொல்கிறார்கள், கடன் கேட்டுப் போனால் வங்கியிலும் சொல்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் அதற்குள் நான்கு வாதங்கள் இருக்கின்றன. காகிதம் ஒழிந்தால் காத்திருப்பு ஒழியும். கருவி பொருத்தினால் மாசு அடங்கும். போர்ட்டலில் ஏறினால் சிறு பட்டறைக்காரர் பெரிய கம்பெனிக்குச் சமமாக நிற்பார். கடைசியாக, டிஜிட்டல் என்பதே புகையில்லாத் தொழில்.

நான்கையும் உரசிப் பார்க்க வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. எம்.ஆர்.எஃப். 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் அசோக் லேலண்டு லாரியும் இந்த மண்ணில்தான் வளர்ந்தன. சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் ஒரே கரையில் வரிசையாக நிற்கின்றன. புதிது எதுவானாலும் இங்கே முதலில் வந்துவிடும். அதன் தூசியும் இங்கேயே தங்கிவிடும்.

வாதம் 1: காகிதம் போனால் காத்திருப்பும் டீசல் புகையும் போகும்

காகிதம் போனது உண்மைதான். 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையே இ-வே பில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் துறைமுகங்களுக்கான பொது இணையத் தளம் புது வடிவம் எடுத்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. 2023-ல் கடல்சார் சரக்குப் போக்குவரத்துக்கென்றே தேசிய போர்ட்டல் திறக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகு ஒருநாள் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசையை ஒட்டி நடந்தேன். ஓட்டுநர் ஒருவர் வண்டி நிழலில் ஸ்டவ் வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். "டோல்கேட்டை பத்து செகண்டுல தாண்டிட்டேண்ணே. இங்க நாலு மணி நேரத்துல ரெண்டு வண்டி நீளம் நகந்திருக்கேன்" என்றார். அவருக்குக் கூலி டிரிப் கணக்கு. காத்திருந்த நான்கு மணி நேரம் எந்த பில்லிலும் ஏறாது.

நோய் அங்கேதான் இருக்கிறது. கன்டெய்னர் குறித்த நாளுக்குமேல் தங்கினால் கப்பல் கம்பெனி வணிகரிடம் தாமதக் கட்டணம் வாங்கிவிடும். ஓட்டுநரின் நேரத்துக்கு அப்படிக் கேட்பார் இல்லை. காத்திருக்க வைப்பவர் காசு கரையாதவரை வரிசை ஏன் குறையப் போகிறது? கேட்டில் ஸ்கேனர் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், உள்ளே யார்டு நிரம்பியிருந்தால் வண்டி வெளியே நின்றுதான் தீரவேண்டும். ஊரின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும் துறைமுகத்துக்குத் தனிப் பாதை வேண்டும் என்று மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022-ல் மறுபடி அடிக்கல். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை செயலி வந்தாலும் சாலை அகலமாகவில்லை.

டீசல் புகை குறைந்த துறைமுகம் இல்லாமல் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2008 அக்டோபர் முதல் தேதியன்று 1989-க்கு முந்தைய லாரிகளுக்குக் கதவை மூடின. சில ஆண்டுகளில் விதியை இன்னும் இறுக்கின. அங்கே காற்று தெளிந்ததற்குப் பழைய வண்டியை உள்ளே விடமாட்டோம் என்ற கட்டளை முக்கியக் காரணம். கணினி அந்தக் கட்டளைக்கு எடுபிடியாக நின்றது, அவ்வளவுதான்.

வாதம் 2: கருவி பொருத்தினால் மாசு கட்டுக்குள் வரும்

நான்கில் நம்பத் தோன்றும் வாதம் இதுதான். அதனால் சற்று நின்று பார்ப்போம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல், மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும் தொடர் கண்காணிப்புக் கருவி வைத்து, அளவை உடனுக்குடன் வாரியத்துக்கு அனுப்பவேண்டும் என்று உத்தரவிட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், அனல்மின்சாரம் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. மணலி-எண்ணூர் பகுதியிலும் மூன்றும் உண்டு.

பிறகு என்ன நடந்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தைக் கருப்பாக்கியது. ஆலையின் மழைநீர் மேலாண்மையில் இருந்த குறைதான் காரணம் என்றது ஆய்வுக் குழு. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அனல்மின் நிலையச் சாம்பலோ, குளத்துக்குப் போகும் குழாய் உடைந்து பல ஆண்டுகளாக ஆற்றில் கலந்துவந்தது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் மழைநீர் வழியாக வந்தது, அம்மோனியா கடலடிக் குழாய் வழியாக, சாம்பல் உடைந்த குழாய் வழியாக. கருவி காவல் நின்றதோ புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும். முன்வாசலில் கேமரா வைத்துவிட்டுப் பின்வாசலைத் திறந்துபோட்ட வீடுதான் இது.

எண் கிடைக்காமல் போகவில்லை. அம்மோனியா கசிந்தபோது ஆலை வாசலில் ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் இருந்தது, அனுமதி 400 தான் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பின்னர் சொன்னது. ஆனால் பெரியகுப்பத்து மக்களைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்த எண் அல்ல, தொண்டை எரிச்சல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடியபோது அவர்களுக்கு இருந்த ஒரே சென்சார் மூக்கு.

எண்ணெய் விஷயத்திலும் அப்படித்தான். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் பக்கத்து மீனவர்கள் படகில் நின்று மக்கிலும் வாளியிலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். அது இரண்டாம் முறை. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. இரண்டிலும் தானியங்கி அடையாளக் கருவி இருந்தது, எங்கே நிற்கின்றன என்பது கணினித் திரையில் தெரியும். ஆயினும் சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. சில நாளில் எர்ணாவூர் பாறைகளில் தார் போல் படிந்த எண்ணெயை இளைஞர்கள் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வெற்றிக் கதையும் இருக்கிறது. ராயபுரத்து வீடுகளில் துணி உலர்த்தினால் கரி படியும் காலம் ஒன்று இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அக்டோபரிலிருந்து நிலக்கரி நின்றது. ஒரு சென்சாரும் செய்யாததை ஒரு உத்தரவு செய்தது. அதே உத்தரவின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: அந்தக் கரி எண்ணூருக்கு இடம் மாறியது. ராயபுரத்துக்காரருக்கு வழக்கறிஞர் கிடைத்தார், எண்ணூர் குப்பத்துக்கு அப்போது கிடைக்கவில்லை.

வாதம் 3: போர்ட்டல் சிறு தொழிலைச் சமமாக்கும்

காலடிப்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்று உண்டு. நான்கு மெஷின், ஆறு ஆள். ஒரு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க். முதலாளி ஒருநாள் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். உத்யம் பதிவு இருக்கிறது, ஜிஎஸ்டி கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறது, டீக்கடைக்குக் கூட யுபிஐ. டிஜிட்டலுக்கு மாறுவது என்றால் இதற்கு மேல் அவர் என்ன மாறவேண்டும்?

"கவர்மெண்டுக்கு ஒரு நாள் லேட்டானா ஃபைன் சார். எனக்கு வரவேண்டியது நாலு மாசம் லேட்டானா, பாத்துக்கலாம்னு ஒரே வார்த்தை."

கணக்கைப் பாருங்கள். 11-ம் தேதிக்குள் அவர் பில்லை ஏற்றினால்தான் கம்பெனிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். ஆகவே அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கம்பெனியிலிருந்து போன் வரும். 20-ம் தேதிக்குள் அந்த பில்லுக்கான வரியை அவர் கைக்காசில் கட்டவேண்டும். பில்லுக்கான பணம் வந்ததா இல்லையா என்று போர்ட்டல் கேட்காது. டிஜிட்டல் அவரை அரசுக்கும் கம்பெனிக்கும் நேரம் தவறாதவர் ஆக்கியிருக்கிறது. அவர்களை அவரிடம் நேரம் தவறாதவர்கள் ஆக்கவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டியைப் போல மும்மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. புகார் சொல்ல 2017-ல் 'சமாதான்' போர்ட்டல் திறந்தார்கள். ஆனால் கையிலிருக்கும் வேலையில் முக்கால்வாசி தருகிற கம்பெனிமேல் எந்தப் பட்டறைக்காரர் புகார் தட்டுவார்? பில்லை அடகு வைத்து உடனே பணம் வாங்க 'ட்ரெட்ஸ்' என்ற மேடை வந்தது. 2018-ல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் பதியவேண்டும் என்றார்கள், 2024-ல் வரம்பை 250 கோடியாகக் குறைத்தார்கள். அந்த ஆணைகள் கட்டாயமாக்கியது பதிவை. வாங்கியவர் பில்லை ஏற்றுக்கொண்டால்தான் அங்கே அது பணமாகும். சாவி பழைய கையிலேயே இருக்கிறது.

கொஞ்சமாவது அசைத்தது வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. குறித்த கெடுவுக்குள் குறு, சிறு தொழிலுக்குப் பணம் தராவிட்டால், தரும்வரை அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. அதற்குப் பிறகு எப்படி என்று கேட்டேன். "மார்ச் மாசம் மட்டும் அவங்களே போன் பண்ணி செட்டில் பண்றாங்க" என்று சிரித்தார். நிதியாண்டு முடிவதற்குள் கொடுத்துவிட்டால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. விதி எங்கே கடிக்கிறதோ, அங்கே மட்டும் பணம் நகர்கிறது.

வாதம் 4: டிஜிட்டல் புகையில்லாத் தொழில்

புகை இருக்கிறது, அது வேறு ஊரில் இறங்குகிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழும்புகின்றன. அவை இரவு பகல் மின்சாரம் குடிப்பவை. நம் மின்தொகுப்பில் கலக்கும் நிலக்கரி மின்சாரத்தில் வல்லூரின் 1,500 மெகாவாட்டும், வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்களின் 1,830 மெகாவாட்டும் உண்டு. 2024 மார்ச்சில் அங்கே இன்னொரு 800 மெகாவாட் அலகு திறக்கப்பட்டது. நம் நிலக்கரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். 'கிளவுட்' என்று வானத்தைக் காட்டுகிறோம். அதற்கு எரிகிற நிலக்கரியின் சாம்பலில் ஒரு பங்கு செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகிறது.

அப்படியானால் கணினியே வேண்டாமா?

அப்படிச் சொன்னால் பொய்யாகும். 2023-ல் எண்ணெய்ப் படலத்தை ஊருக்குக் காட்டியது மீனவர்கள் கைப்பேசியில் எடுத்த காணொளிகள். ஆற்றைச் சாம்பல் மூடியதற்குச் செயற்கைக்கோள் படங்கள் சாட்சி. ஆனால் வரைபடமும் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பேசும். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம் பின்னாளில் புழங்கிய வரைபடத்தில் காணாமல் போனதை, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி 2017-ல் அம்பலப்படுத்தினார்கள் சூழல் ஆர்வலர்கள். ஓர் ஆறே கோப்பில் தொலைந்திருந்தது. கண்டெடுத்தது கேள்வி கேட்கும் உரிமை.

ஆகவே என் மறுப்பு கருவிமேல் அல்ல, கருவி வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்ற நம்பிக்கைமேல். இருக்கிற உறவு எதுவோ அதைத்தான் கணினி வேகப்படுத்தும். வலியவர் தாமதிக்கலாம் என்றிருந்தால் அந்தத் தாமதமும் ஒழுங்காகப் பதிவாகும்.

வேண்டியவை பெரிய தொழில்நுட்பம் இல்லை. பில் ஜிஎஸ்டி தளத்தில் ஏறிய அன்றே 45 நாள் கடிகாரம் ஓடட்டும், கெடு தாண்டினால் பட்டறைக்காரர் வாய் திறக்காமலே வட்டி ஏறட்டும். துறைமுக வாசலில் குறித்த நேரம் கடந்தால் காத்திருப்புக் கூலி ஓட்டுநர் கணக்கில் விழட்டும். மழைநீர் வடிகாலிலும் கடலடிக் குழாயிலும் கருவி வையுங்கள். அது காட்டும் அளவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கிண்டி அலுவலகத் திரையில் தெரியும் அதே நொடியில் பெரியகுப்பத்துத் தெருமுனையில் தமிழில் தெரியட்டும், சங்கு ஊதட்டும், வால்வு தானாக மூடட்டும்.

இந்தக் கரையில் அடுத்த டேஷ்போர்டைத் திறந்துவைக்க யாராவது வருவார்கள். கை தட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டு வைப்போம்: எண் சிவப்பானால், யார், எத்தனை நிமிடத்துக்குள், எதை நிறுத்துவார்?